பனிக்கடலுக்கு ஓர் ஒத்திகை

கப்பலில் எங்களுக்குத் தரப்போகும் அறையில் நான்கு படுக்கைகள் இருந்தன. இரண்டு தரையோடு ஒட்டியவை. இரண்டு சுவரிலிருந்து இழுத்து விரிக்க வேண்டியவை. பதுளையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, மூத்த பேத்தி அதைக் காட்டினாள். நான் படுக்கைகளைப் பார்க்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் செம்மஞ்சள் நிறத்தில் அடுக்கியிருந்த மிதவைச் சட்டைகளைப் பார்த்தேன். மூன்றுதான் தெரிந்தன.

"நாலாவது எங்க?"

"படத்துக்கு வெளிய இருக்கும் தாத்தா."

"இருக்கும்னா? இருக்கா, இல்லையா?"

"நீங்க போய் எண்ணிப் பாருங்க. அதுக்குத்தானே உங்களக் கூட்டிட்டுப் போறோம்."

அவளுக்குப் பதினொரு வயது. தோட்டப் பாடசாலையில் பல வருடம் கணக்குப் பாடம் எடுத்த எனக்கு இப்படிப் பதில் சொல்ல அந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கும் தைரியம் வந்ததில்லை.

என் ஒரே மகன் பயணிகள் கப்பல் ஒன்றில் சமையல்காரன். பண்டாரவளையில் ஹோட்டல் வேலை பழகி, கொழும்பில் சில காலம் இருந்து, பிறகு கடலுக்குப் போனவன். அடுப்பு இல்லாத சமையலறை அவனுடையது. மீன் வெட்டுவது, பழம் செதுக்குவது, சாலட் கலப்பது என்று குளிர் பண்டங்கள் மட்டும்தான் அவன் பொறுப்பு. நாளில் பாதி நேரம் ஐஸ் அறைக்குள் போவதும் வருவதுமாக இருப்பான். வழக்கமாக ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. இந்த முறை பதவி உயர்வுக்காக இரண்டு ஒப்பந்தங்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டதால் வீட்டுக்கு வர முடியாது. அதற்கு ஈடாகக் கப்பல்காரர்கள் குடும்பத்துக்கு ஓர் அறை தருகிறார்கள். சித்திரை விடுமுறையில் பன்னிரண்டு நாள். நோர்வேயின் கரையோரமாக வடக்கே, அப்போதும் பனி உருகாத ஊர்கள் வரை போய்த் திரும்பும் பயணம். மருமகள், பேத்திமார் இருவர், நான். என் மனைவி காலமாகிவிட்டதால் நான்காவது படுக்கை எனக்கு வந்தது. போகிறோமா இல்லையா என்று பொங்கலுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்வதில் என்ன தடை என்று யாரும் கேட்கலாம். தடை சின்னவள்.

சின்னவளுக்கு மூன்றரை வயது. அப்பா என்றால் அவளுக்குக் கைபேசிக்குள் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு முகம். அந்த முகம் 'செல்லம்' என்று கூப்பிடும், முத்தம் கேட்கும். அவள் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். போன விடுமுறையில் அவன் நேரில் வந்தபோதும் இதேதான். முதல் வாரம் அவன் இருக்கும் அறைக்குள் அவள் காலெடுத்து வைக்கவில்லை. மூன்றாவது வாரம் அவன் நீட்டிய பிஸ்கட்டை என் கைக்கு மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டாள். கடைசியில், அவன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குனிந்திருந்த அவன் முதுகில் தானாக வந்து சாய்ந்து தூங்கிப்போனாள். அவன் அசையாமல் அப்படியே குனிந்திருந்தான். இரண்டு நாளில் அவன் போக வேண்டியிருந்தது. அடுத்து அவன் கைபேசியில் வந்தபோது அவள் மறுபடியும் கதவுக்குப் பின்னால்.

"பன்னிரண்டு நாள்ல என்ன மாமா ஆகும்?" என்றாள் மருமகள். அவளுக்கு நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அளந்துதான் பேசுவாள். "இவ பழகுறதுக்குள்ள இறங்கிருவோம். இங்க வீட்ல இவ அவரப் பார்த்துக் கத்துனா நாம மட்டுந்தான் பார்க்கிறோம். அங்க கூட வேலை செய்றவங்க எல்லாம் பார்ப்பாங்க. எம்புள்ள வருது, எம்புள்ள வருதுன்னு இப்பவே எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கார். அவரால தாங்க முடியாது."

"பின்ன போக வேணாங்கிறியா?"

"தெரியல மாமா. ஆசையாத்தான் இருக்கு. பயமாவும் இருக்கு."

எனக்கும் தெரியவில்லை. தெரியாத ஒன்றை என்னால் சும்மா வைத்துக்கொண்டு உட்கார முடியாது. அதனால் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். குளிரை.

மணிக்கூண்டுப் பக்கம் போகும் வழியில் பழைய குளிர் உடுப்புகளைக் குவித்து விற்கும் கடை ஒன்று இருக்கிறது. வெளிநாடுகளில் உடுத்திக் கழித்தவை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கடைக்காரர் தொழுகை முடித்து வந்து அப்போதுதான் பலகையைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாங்க சேர். நுவரெலியா போறீங்களா?"

"இல்ல. வடதுருவத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம்."

அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அப்ப இந்தக் குவியல் வேணாம், அந்தக் குவியலைக் கிண்டுங்க," என்றார்.

நாங்கள் கிண்டினோம். ஆளுக்கு இரண்டு மேலங்கி, மூன்று சுவெட்டர், ஆறு சோடி காலுறை, இரண்டு சோடி கையுறை என்று நான் மனத்தில் வைத்திருந்தேன். கையுறைகள் எல்லாம் ஒற்றைக்கு ஒற்றை பொருந்தாமல் கிடந்தன. சின்னவளுக்குக் கிடைத்த நீல மேலங்கி அவளுடைய கணுக்கால் வரை இறங்கியது. அதன் பையில் ஒரு காய்ந்த இலை இருந்தது. ஐந்து முனை உள்ள இலை. எங்கள் மலைகளில் நான் பார்த்தறியாத மரத்தினுடையது. எந்த ஊர்ப் பிள்ளை எந்த வீதியில் அதைப் பொறுக்கிப் போட்டதோ. இந்த மேலங்கி ஏற்கனவே பனியைப் பார்த்துவிட்டது, நாங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று நினைத்தபோது எனக்கு அதனிடம் ஒரு மரியாதை வந்தது. சின்னவள் இலையைத் திரும்பப் பையிலேயே போட்டுப் பொத்தானைப் பூட்டினாள்.

அன்று மத்தியானம் சாய்மனை நாற்காலியில் கண்ணயர்ந்தபோது கப்பலைக் கண்டேன். வெளியே மார்கழி மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பதுளை ஓயா நிரம்பி, கரை உடைந்து, பள்ளத்தாக்கு முழுவதும் வெண்ணிறத் தண்ணீராகக் கிடந்தது. அதன்மேல் ஜன்னல் ஜன்னலாக விளக்கெரிய ஒரு கப்பல் சத்தமே இல்லாமல் வந்தது. தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து தன் அடியிலேயே புகுந்து போகும் அல்லவா, அதேபோல இந்தக் கப்பலும் ஒரு மலையைச் சுற்றி வந்து தன் அடியில் புகுந்து மறுபக்கம் வெளிவந்தது. அதிலே என்னோடு படித்தவர்கள், நான் படிப்பித்தவர்கள், இறந்துபோனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள் எல்லாரும் கம்பளி போர்த்தியபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கையசைக்கவில்லை. நான் ஜன்னல்களை எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்குமுன் கப்பல் நகர்ந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. விழித்தபோது உடம்பெல்லாம் சில்லென்றிருந்தது. போர்வையைச் சின்னவள் எடுத்துப் போயிருந்தாள்.

அந்தக் குளிரில்தான் எனக்கு யோசனை வந்தது. குளிரைப் பழக்க வேண்டும். பழகாத உடம்பை நேரே பனிக்கடலில் கொண்டுபோய் இறக்கக்கூடாது. அதற்கு மடுல்சீமையைவிட நல்ல இடம் எது? மருமகளின் அக்கா அங்கேதான் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவள் கணவன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். அவர்களுக்கு ஒன்றரை வயதில் ஒரு பையன். தை பிறக்குமுன் சில நாள் அங்கே தங்குவோம், கப்பலில் போவதுபோலவே எல்லாவற்றையும் உடுத்தி நடப்போம் என்றேன்.

"ஒத்திகையா?" என்றாள் மூத்தவள்.

"ஒத்திகைதான்."

"அப்ப கப்பல் யாரு?"

நான்கு பைகளையும் கட்டி முடித்துப் பார்த்தேன். யூகலிப்டஸ் தைலம் இரண்டு போத்தல், கோடாலித் தைலம் ஒன்று, அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும்.

"தாத்தா, கப்பல்ல அட்டை இருக்காது."

"இருக்காதுன்னு யார் சொன்னது?"

"கடல்ல உப்பு இருக்கே. அதுவே போதாதா?"

உப்பை எடுத்து வெளியே வைத்தேன். சவர்க்காரத்தை எடுக்கவில்லை.

பசறை தாண்டியதும் பஸ் முகிலுக்குள் ஏறியது. வளைவுகளை எண்ணிக்கொண்டு போனேன். பாதி வழியில் கண்ணாடியெல்லாம் வெள்ளையாகிவிட, எந்த வளைவு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. விட்டுவிட்டேன். சாரதி ஹார்ன் அடித்தபடியே ஓட்டினார். எதிரே எங்கிருந்தோ இன்னொரு ஹார்ன் பதில் சொன்னது. ஆனால் வண்டி எதுவும் வரவில்லை. சின்னவள் என் மடியில் நீல மேலங்கிக்குள் தலையை இழுத்துக்கொண்டு தூங்கினாள்.

லயம் மலைச்சரிவில் நீளமாக இருந்தது. ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள், பன்னிரண்டு கதவுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் இஸ்தோப்பு என்று சொல்லும் சிறு திண்ணை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகில் கீழேயிருந்து ஏறி, லயத்துக்குக் கீழே இருந்த தேயிலை மலை முழுவதையும் மூடிவிட்டிருந்தது. கதவுகளும் புகையும் மட்டும் மேலே மிதந்தன. மூத்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, கப்பல் யாருன்னு கேட்டேனே. இதுதான்."

மருமகளின் அக்கா வாசலுக்கு வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க மாமா, பொட்டப் புள்ளைகள இப்படி மூட்டை கட்டிக் கொண்டாந்திருக்கீங்க. தராசுல போட்டு நிறுத்துத்தான் உள்ள எடுக்கணும் போல."

"குளிர் பழகட்டும்னுதான்மா."

"இந்தக் குளிருக்கு நாங்க ஒரு சுவெட்டர் போட்டுக்கிட்டு மலைக்குப் போறோம். நீங்க ஒண்ணு செய்யுங்க. எங்களையும் கப்பல்ல ஏத்திருங்க. நாங்க ஏற்கனவே பழகிட்டோம்."

மருமகள் சிரித்தாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தத் தோட்டத்தில் வீடுகளுக்குள் கைபேசிக்கு சிக்னல் எடுக்காது. லயத்துக்கு மேலே தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பக்கத்தில் ஒரு பாறை. அதன் உச்சியில் நின்றால் எடுக்கும். சாயங்காலம் அந்தப் பாறையில் எப்போதும் நான்கைந்து பேர் நிற்பார்கள். கொழும்போடு பேசுபவர்கள், கட்டாரோடு பேசுபவர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும், யாரும் கேட்காததுபோல் இருப்பார்கள். முதல் நாள் நாங்களும் ஏறினோம். கப்பலில் அப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து அவனுக்குச் சிறிது ஓய்வு.

முகம் வந்தது. பின்னால் வட்டமான ஜன்னல், அதற்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. எங்கள் கோலத்தைப் பார்த்து அவன் சிரித்துவிட்டான்.

"அப்பா, இதெல்லாம் நனைஞ்சா அங்க காயாதே. இங்க குளிர் காய்ஞ்ச குளிர். ஈரமே இருக்காது. அங்கதான் எலும்புக்குள்ள போகும்."

அவன் சொன்னது சரி. வழியிலேயே மேலங்கிகளின் தோளெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. அப்புறம் நாங்கள் அங்கே இருந்த நாளெல்லாம் அவற்றை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டும் ஈரம் போகவில்லை. விறகுப் புகை நாற்றம் மட்டும் ஏறியது. நோர்வேயில் யாராவது முகர்ந்து பார்த்தால் நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று கேட்கத் தேவையில்லை.

"சின்னவ எங்க? செல்லம், இங்க வா. அப்பாவப் பாரு. அப்பாவுக்கு ஒரு முத்தம் குடு. ஒண்ணே ஒண்ணு."

சின்னவள் என் மேலங்கியின் கீழ்ப்பக்கத்தைத் தூக்கி உள்ளே நுழைந்துகொண்டாள். தாய் இழுத்துப் பார்த்தாள். உள்ளேயிருந்து அழுகை வந்தது. பாறையில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"விடு, விடு," என்றான் அவன். "அழ விடாத. பரவாயில்ல." பிறகு மூத்தவளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். கேட்கும்போது அவன் பார்வை திரையின் ஓரத்தில், என் மேலங்கி தெரிந்த இடத்திலேயே இருந்தது.

இறங்கும்போது மருமகள் எனக்கு முன்னால் நடந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நான் வேணாம்னு சொல்லிரப் போறேன் மாமா."

"இன்னும் நாள் இருக்கேம்மா."

"நாள் இருந்து? இங்க பாறையில நாலு பேர் பார்த்ததுக்கே அவர் முகம் எப்படிப் போச்சு, பார்த்தீங்கல்ல."

அடுத்த நாள் காலை, இருட்டுப் பிரியும் நேரத்தில், அக்கா பெரட்டுக்குப் போனாள். பெரட்டு என்பது வேலைக்கு வந்தவர்களை நிறுத்தி எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும் இடம். பையனைப் போகிற வழியில் பிள்ளைக்காம்பராவில் விட்டாள். தாய்மார் மலையில் நிற்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை அது. நானும் அப்படி ஓர் அறையில் தவழ்ந்தவன்தான். பின்னேரம் நானும் பேத்திமாரும் போய்ப் பையனைக் கூட்டிவந்தோம். இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். முகிலுக்குள் மூன்று பேரும் சில நேரம் தெரிந்தார்கள், சில நேரம் தெரியவில்லை. நான் ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல் கொடுத்துக்கொண்டே போனேன். அவர்களும் ஒன்று, இரண்டு என்று பதில் சொன்னார்கள். மூன்று என்று சொல்லப் பையனுக்குத் தெரியாது. அவனுக்காகச் சின்னவள் சொன்னாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு மலையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக லயத்துக்கு வந்தார்கள். அக்கா வாசலுக்கு வந்ததும் பையன் 'ம்மா' என்று கையை நீட்டிக்கொண்டு ஓடினான். அவள் அவனைத் தூக்கவில்லை.

"இருடா. கை ஐஸா இருக்கு."

அவன் நிலைக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். அழவில்லை. அவள் தலையில் போட்டிருந்ததையும் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கையும் கழற்றி மாட்டினாள். நேரே அடுப்பங்கரைக்குப் போய்க் குந்தி, இரண்டு கைகளையும் நெருப்புக்கு நேரே பிடித்தாள். விரல்கள் விறைத்துச் சுருங்கி, கொழுந்துக் கறையோடு கறுத்திருந்தன. பையனைப் பார்க்கவேயில்லை. ஒரு கையின் புறத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். திரும்ப நெருப்பில் பிடித்தாள். மறுபடி கன்னம். பிறகு அப்படியே குந்தியபடி அவன் பக்கம் திரும்பினாள். கூப்பிடவில்லை. அவன் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டான்.

பக்கத்து வீட்டிலும் அதே குரல் கேட்டது: "இரு, இரு, கை சில்லுனு இருக்கு." அதற்கடுத்த வீட்டிலும் ஒரு பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த லயத்தில் கைக்குழந்தை உள்ள எல்லா வீட்டிலும் சாயங்காலம் அப்படித்தான். குளிர்ந்த கையோடு தொட்டால் பிள்ளைக்கு மாந்தம் வரும் என்பார்கள். வருமோ வராதோ, தாய் மலையிலிருந்து வந்ததும் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அங்கே நடக்கத் தொடங்கிய குழந்தைக்கும் தெரியும்.

சின்னவள் இதையெல்லாம் அடுப்பங்கரை மூலையில் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரியம்மாவிடம் போய்க் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சூடா இருக்கு," என்று எல்லாருக்கும் சொன்னாள்.

மறுநாள் முழுவதும் அவளுக்கு அதே விளையாட்டு. இஸ்தோப்பைவிட்டு இறங்குவாள், முகிலுக்குள் பத்தடி போவாள், திரும்பி வந்து யாரையும் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுப்புக்கு ஓடுவாள். பையன் வாசலில் நின்று காத்திருப்பான். தன் முறை வந்ததும் அவனும் இறங்கிப் போவான். நான் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து அவர்கள் போவதையும் வருவதையும் எண்ணினேன். ஒரு கட்டத்தில் முகில் இஸ்தோப்புக்கே ஏறிவந்து என் முழங்காலை மறைத்தது. லயம் நகர்வதுபோல இருந்தது. எந்தத் திசையில் என்று தெரியாத, அவசரமில்லாத ஒரு நகர்வு. பன்னிரண்டு கதவுகளிலிருந்தும் ரொட்டி சுடும் வாசம் வந்தது. வடக்கே போய்க்கொண்டிருக்கிறோம், சாப்பாட்டுக்கு மணி அடிப்பார்கள் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மீண்டும் பாறைக்கு ஏறினோம். மறுநாள் காலை பதுளைக்குப் பஸ். அன்றைக்கே சொல்லிவிடுவதென்று மருமகள் முடிவோடுதான் வந்தாள் என்பது அவள் நடந்த விதத்தில் தெரிந்தது. மழைக்குப் பயந்தோ என்னவோ பாறையில் வேறு யாரும் இல்லை. கீழே லயமும் தேயிலையும் தண்ணீர்த் தொட்டியும் போய்விட்டன. பாறை மட்டும் வெள்ளையின் நடுவே ஒரு தீவாக நின்றது.

அழைப்புப் போனது. படம் வந்தது, குரல் வரவில்லை. அவன் வாயசைத்தான். நாங்கள் கேட்கவில்லை என்று கையைக் காட்டினோம். அவன் பேசுவதை நிறுத்திவிட்டு, பெரிய கோப்பை ஒன்றை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தொப்பி இல்லை. தலைமயிர் வியர்வையிலோ ஈரத்திலோ ஒட்டியிருந்தது. களைத்திருந்தான். யாரையும் கூப்பிடவில்லை.

என் காலுக்குப் பின்னால் நின்ற சின்னவள் எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தாள். தாயின் கையிலிருந்த கைபேசிக்கு நேரே மூக்கைக் கொண்டுபோனாள்.

"கை ஐஸா இருக்கா?"

கடலுக்கு அந்தப் பக்கம் அது எப்போது போய்ச் சேர்ந்ததோ, அவன் தலை நிமிர்ந்தது. இப்போது குரலும் வந்தது, விட்டு விட்டு.

"ஆமா. இப்பதான்... ஐஸ் ரூம்ல இருந்து வாறேன்."

"கன்னத்துல வச்சுப் பாருங்க."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களைப் பார்த்தான். மருமகள் வாய் திறக்கப் போனாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் கோப்பையிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் வைத்தான்.

"அப்படி இல்ல. இந்தப் பக்கம்," என்று அவள் தன் புறங்கையைக் காட்டினாள்.

அவன் மாற்றி வைத்தான்.

"சூடா?"

"இல்லம்மா. சில்லுனு இருக்கு."

"அப்ப இருங்க."

அவன் இருந்தான். கோப்பையைத் திரும்பப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். 'செல்லம்' என்று சொல்ல வாய் எடுத்தது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. மூத்தவள் தன் கையுறைகளைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். முகில் முகத்தில் வந்து ஒட்டியது. அவன் பின்னால் இருந்த வட்ட ஜன்னலிலும் அதே வெள்ளைதான். எது எங்கள் பக்கத்து வெள்ளை, எது அவன் பக்கத்து வெள்ளை என்று பிரிக்க முடியவில்லை.

படம் அப்படியே உறைந்து நின்றது.

"கட் ஆயிருச்சு," என்றாள் மூத்தவள்.

"இல்ல. அப்பா சூடாக்குது," என்றாள் சின்னவள். தாயின் கையிலிருந்து கைபேசியை இரண்டு கைகளாலும் வாங்கினாள். இதுவரை அதை அவள் தொட்டதில்லை. பாறையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈரப் பாறை, சளி பிடிக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

படம் திரும்பி வந்தது. அவன் அதே இடத்தில், கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு புறங்கைகளையும் கன்னத்தில் வைத்தபடி இருந்தான். பின்னால் யாரோ ஒருவர் கடந்து போனார். அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். அவன் கையை எடுக்கவில்லை.

"இப்ப?" என்றாள் சின்னவள்.

"இப்ப சூடா இருக்கு."

"அப்ப வாங்க," என்று அவள் கைபேசியை மேலங்கியின் மடியில் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்தாள்.

அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. திரை அவள் வயிற்றுப் பக்கம் திரும்பியிருந்தது. அவள் கையை விரித்தபடியே காத்திருந்தாள். பிறகு, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பதுபோலத் தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

மருமகள் அவளுக்குப் பக்கத்தில் அந்த ஈரப் பாறையில் உட்கார்ந்தாள்.

"அவரு எப்படிடி வருவாரு, கப்பலை விட்டுட்டு?" என்றாள். "நாமதான் போகணும்."